பழைய ஃபைபர் படகுக்குப் புது பெயிண்ட்: கரையில் ஏற்றுவதிலிருந்து கடலில் இறக்குவது வரை முழு வழிகாட்டி

கடலூரிலிருந்து நாகப்பட்டினம் வரை எந்த மீனவர் குப்பத்துக்குப் போனாலும், பொங்கலுக்கு அடித்த பெயிண்ட் ஆடிக்குள் செதில் செதிலாக உரிந்து நிற்கும் ஃபைபர் படகுகளைப் பார்க்கலாம். படகுக்காரர் கடைக்காரரைத் திட்டுவார், கடைக்காரர் கம்பெனியைத் திட்டுவார். பெரும்பாலும் கோளாறு டப்பாவில் இருக்காது. பெயிண்டுக்கு அடியில் மெழுகோ, உப்போ, ஈரமோ, பழைய எனாமலோ இருந்திருக்கும். பெயிண்ட் நிற்குமா உரியுமா என்பது டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் பெயிண்டைப் பற்றியே இருக்காது.

இங்கே சொல்வது 24 முதல் 32 அடி வரையிலான, மேல்தளம் இல்லாத, மணல் கரையில் இழுத்து ஏற்றும் படகுகளுக்கு. துறைமுகத்தில் தண்ணீரிலேயே கட்டி வைக்கும் படகு என்றால் அடிப்பாகத்துக்கு மட்டும் கணக்கு மாறும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

எந்த மாதம், எந்த நேரம்

இழுவலை போட்டு மீன்பிடிக்கும் பெரிய இழுவைப் படகுகளுக்கு வசதி உண்டு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், எல்லாப் பராமரிப்பையும் அப்போது முடித்துக்கொள்வார்கள். ஃபைபர் படகுக்காரர்களுக்கு அது ஒத்துவராது. தடை அவர்களுக்குக் கிடையாது, மீனுக்கு நல்ல விலை கிடைப்பதும் அந்த இரண்டு மாதத்தில்தான். அப்போது படகைக் கவிழ்த்துப் போட யாருக்கு மனசு வரும்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அதைத் தொடவே வேண்டாம். ஜூன், ஜூலையில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மணலையும் தூசியையும் அள்ளிக்கொண்டு வந்து ஈரப் பெயிண்டில் ஒட்டும். மிச்சம் இருப்பதில் பிப்ரவரியும் மார்ச்சும்தான் நல்லது. மழை இல்லை, வெயிலும் இன்னும் முற்றவில்லை. காலைப் பனி மட்டும் கொஞ்சம் தொல்லை தரும்.

ஒரு நாளில் பெயிண்ட் அடிக்க நல்ல நேரம், பனி காய்ந்ததிலிருந்து மதியத்துக்கு முன் வரை. மதியம் கடற்காற்று திரும்பினால் அதோடு உப்பும் ஈரமும் வரும். உச்சி வெயிலில் படகின் மேல்பரப்பு கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அதன் மேல் அடித்தால் பெயிண்ட் பரவுவதற்கு முன்பே இறுகி, பிரஷ் கோடு அப்படியே நின்றுவிடும். மாலை நாலு மணிக்கு மேல் அடித்தால், காய்வதற்குள் பனி விழுந்து பளபளப்பு செத்துப்போகும். பரப்பில் ஈரம் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் ஓர் எளிய சோதனை உண்டு. ஈரத் துணியால் ஓர் இடத்தைத் துடைத்துவிடுங்கள். பதினைந்து நிமிடத்துக்குள் அந்த ஈரம் தானாகக் காய்ந்தால் அடிக்கலாம். காயவில்லை என்றால் அன்றைக்கு வேண்டாம்.

தென்னங்கீற்றிலோ தார்ப்பாயிலோ ஒரு பந்தல் போட்டுவிட்டால் வெயில், பனி இரண்டு தொல்லையும் பாதியாகக் குறையும். படகைக் கவிழ்க்கும் முன் இன்ஜின், எண்ணெய் கேன், வலை, கயிறு எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். கவிழ்த்த படகு தரையில் படாமல் பழைய டயர் மேலோ மணல் மூட்டை மேலோ முழங்கால் உயரத்துக்கு நிற்க வேண்டும். விளிம்பு மணலில் புதைந்திருந்தால் அந்த ஒரு சாண் இடத்தில் பெயிண்ட் ஒட்டவே ஒட்டாது.

தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்

ஃபைபர் படகின் வெளித்தோல் ஜெல்கோட். நல்ல வேலையில் அது அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். அதற்கு அடியில் கண்ணாடி இழை மேட்டும் பாலியஸ்டர் ரெசினும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். வெயில் பட்டுப் பட்டு ஜெல்கோட் முதலில் மங்கும், பிறகு தடவினால் கையில் சுண்ணாம்புபோல் ஒட்டும். அது வெறும் தோல் நோய், பெயிண்டால் தீரும். இழை அடுக்கில் கோளாறு இருந்தால் பெயிண்ட் அதை மறைக்கத்தான் செய்யும்.

ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் படகு முழுக்க மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். 'டங்' என்று கணீரென்று கேட்கும் இடம் நல்லது. 'தொப்' என்று அமுங்கிக் கேட்டால் அங்கே அடுக்கு பிரிந்திருக்கிறது, அல்லது உள்ளே தண்ணீர் நிற்கிறது. சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். முக்கியமாகப் பார்க்க வேண்டியவை: அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், அலை மோதும் இடம், அடியில் நடுநீளமாக ஓடி இழுக்கும்போது மணலில் தேயும் ஏரா, இன்ஜின் மாட்டும் பின்பலகை. பல படகுகளில் பின்பலகைக்கு உள்ளே பிளைவுட் வைத்து மேலே ஃபைபர் போர்த்தியிருப்பார்கள். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் பிளைவுட் உளுத்துவிடும். இன்ஜினை மாட்டி மேலும் கீழும் அசைக்கும்போது பலகை வளைந்து கொடுத்தால், பெயிண்ட் செலவை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு குறுகிய காலத்தில் ஏராளமான ஃபைபர் படகுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. அவசரத்தில் செய்ததால் பலவற்றில் தரம் சரியில்லை. அந்தக் காலத்துப் படகு உங்களிடம் இருந்தால் தட்டிப் பார்க்கும் வேலைக்குக் கூடுதலாக அரை நாள் ஒதுக்குங்கள்.

விரிசல்களில் இரண்டு வகை. சிலந்தி வலைபோல் ஒரு புள்ளியிலிருந்து மெல்லிய கோடுகள் பரவியிருந்தால், பெரும்பாலும் எதிலோ மோதியதில் ஜெல்கோட் மட்டும் வெடித்திருக்கிறது. ஒரே நீளக் கோடாக, உள்பக்கத்திலும் அதே இடத்தில் தெரிந்தால், அது அடுக்கு வரை போய்விட்ட விரிசல்.

ஈரம் பார்க்க இன்னொரு வழி: ஒரு முழம் சதுரத்துக்கு பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, வெயிலில் ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்தால் படகு இன்னும் காயவில்லை. நிழலும் காற்றும் உள்ள இடத்தில் இன்னும் சில நாள் கிடக்கட்டும்.

பழைய பெயிண்ட் என்ன ரகம்?

இதைப் பார்க்காமல் போவதால்தான் அதிகப் பணம் வீணாகிறது. வீட்டு ஜன்னல் கம்பிக்கு அடிக்கும் எனாமலைத்தான் பலர் படகுக்கும் அடிக்கிறார்கள். விலை குறைவு, எந்தக் கடையிலும் கிடைக்கும், இறுகவைக்கும் ஹார்டனரைத் தனியாகக் கலக்க வேண்டியதில்லை. அதன் மேல் இரண்டு டப்பா ரகப் பெயிண்டை, அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கும் எபாக்ஸியையோ பாலியூரித்தேனையோ அடித்தால், புதுப் பெயிண்டில் உள்ள வீரியமான தின்னர் பழைய எனாமலைக் கிளப்பிவிடும். தோல் சுருங்கியதுபோல் ஆகிவிடும்.

கண்டுபிடிப்பது சுலபம். நீங்கள் வாங்கப்போகும் பெயிண்டுக்கு உரிய தின்னரில் ஒரு துணியை நனைத்து, பழைய பெயிண்டின் மேல் பத்து நிமிடம் ஒட்டி வையுங்கள். எடுத்துவிட்டு நகத்தால் சுரண்டிப் பாருங்கள். குழைந்து வந்தால் எனாமல் ரகம், முழுதாக எடுத்தாக வேண்டும். அசையாமல் இருந்தால் ஹார்டனர் கலந்த ரகம். கெட்டியாக ஒட்டியிருக்கும் வரை அதைச் சொரசொரப்பாக்கி அதன் மேலேயே அடிக்கலாம்.

எடுப்பதற்கு ஸ்க்ரேப்பரும் உப்புத்தாளும் போதும். வீட்டுக் கதவுப் பெயிண்டை உரிக்கும் ரிமூவர் பசையைப் படகில் தடவாதீர்கள். அதில் பல ரகங்கள் ஜெல்கோட்டையும் சேர்த்து அரிக்கும். தீ ஜுவாலையும் கூடாது, ரெசின் கருகும்.

முதலில் கழுவுங்கள், பிறகு மெழுகை எடுங்கள், அதற்குப் பிறகுதான் தேய்ப்பு

இந்த வரிசையை மாற்றவே கூடாது. படகை அச்சிலிருந்து எடுப்பதற்காகத் தடவிய மெழுகு பழைய படகில்கூடக் கொஞ்சம் இருக்கும். அதோடு மீன் எண்ணெய், டீசல், கிரீஸ். முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் இந்தப் பிசுக்கு எல்லாம் கீறல்களுக்குள் இறங்கிவிடும். அப்புறம் என்ன கழுவினாலும் வராது.

சோப்புத்தூள் கரைத்த தண்ணீரில் கெட்டி பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். நல்ல தண்ணீர் என்றால் குடிக்கிற தண்ணீர். கரையோரத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும். அதில் கழுவுவதும் கடலில் கழுவுவதும் ஒன்றுதான். பரப்பில் தங்கிய உப்பு பெயிண்டுக்கு அடியில் ஈரத்தை இழுக்கும், சில மாதத்தில் கொப்புளம் கிளம்பும்.

காய்ந்ததும் மெழுகு எடுப்பது. இரண்டு துணி வேண்டும். ஒன்றை தின்னரில் நனைத்து இரண்டு சதுர அடி துடையுங்கள். அது ஆவியாவதற்குள் இன்னொரு காய்ந்த துணியால் ஒரே திசையில் வழித்தெடுங்கள். துணியை அடிக்கடி மாற்ற வேண்டும். ஒரே துணியால் படகு முழுக்கத் துடைத்தால் மெழுகு இடம் மாறுமே தவிரப் போகாது. நீளத் தண்டு வைத்த லாங்டெயில் இன்ஜின் நிற்கும் பகுதியில் மூன்று நான்கு முறையாவது செய்யுங்கள்.

முடிந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு குவளை நல்ல தண்ணீரை மேலே ஊற்றுங்கள். தண்ணீர் தகடுபோல் பரவி வழிந்தால் சுத்தம். தாமரை இலைத் தண்ணீர்போல் முத்து முத்தாகத் திரண்டால் மெழுகு இன்னும் இருக்கிறது. காசு செலவில்லாத இந்தச் சோதனையை ஏன் யாரும் செய்வதில்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

தேய்ப்பு

பழைய பெயிண்டை எடுக்க 80 நம்பர் உப்புத்தாள், ஜெல்கோட்டைச் சொரசொரப்பாக்க 120, பிரைமருக்கு மேல் 220, மேல் பெயிண்டின் இரண்டு கோட்டுக்கு இடையே 320 அல்லது 400. நோக்கம் பளபளப்பைக் கொல்வது மட்டும்தான். ஜெல்கோட் முழுக்க ஒரே மாதிரி மங்கலாகிவிட்டால் போதும், நிறுத்திவிடுங்கள். கண்ணாடி இழை தெரிகிற அளவுக்குத் தேய்த்தால் படகைப் பாதுகாத்த தோலை நீங்களே உரித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். கிரைண்டர் பிடிப்பவர் அனுபவசாலியாக இல்லாவிட்டால் கையால் தேய்ப்பதே மேல். கட்டையில் சுற்றிய தாள் பள்ளம் போடாது, கிரைண்டர் ஒரு நொடியில் போட்டுவிடும்.

கண்ணாடித் தூளை லேசாக நினைக்காதீர்கள். துண்டை முகத்தில் கட்டிக்கொள்வது போதாது. என்95 முகக்கவசம், கண்ணாடி, முழுக்கைச் சட்டை வேண்டும். முடிந்த இடத்தில் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூளே பறக்காது. வேலை முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் குளியுங்கள், அதற்கு முன் உடம்பைத் தேய்க்காதீர்கள். அரிப்பு குறையும். தரையில் தார்ப்பாய் விரித்துவிட்டுத் தேய்த்தால் தூளையும் பெயிண்ட் செதிலையும் அள்ளி மூட்டை கட்டலாம். நம் பிள்ளைகள் விளையாடுகிற மணல் அது.

விரிசல், ஓட்டை

ஜெல்கோட்டோடு நிற்கும் சிறு வெடிப்பு என்றால் கூர்மையான உளியால் 'வி' வடிவத்தில் லேசாகத் திறந்து எபாக்ஸி பட்டி வைத்தால் போதும். கார் பட்டறையில் கிடைக்கும் பாலியஸ்டர் பட்டியை நீர்மட்டத்துக்குக் கீழே வைக்காதீர்கள். அதில் மாவு அதிகம், தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடும்.

அடுக்கு வரை போன விரிசலுக்கு மேட் போட்டே ஆக வேண்டும். விரிசலின் இரண்டு பக்கமும் சரிவாகத் தேய்க்க வேண்டும், படகுத் தோலின் கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்கு. தோல் 5 மில்லிமீட்டர் என்றால் ஒவ்வொரு பக்கமும் 60 மில்லிமீட்டர். அகலம் அதிகம்போல் தோன்றும். ஆனால் புது மேட் பழைய தோலைப் பிடித்துக்கொள்வது இந்தச் சரிவில்தான். ஓட்டையை மட்டும் அடைத்துவைத்த வேலை முதல் பெரிய அலையிலேயே பெயர்ந்து வரும்.

சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் தரும். அதை வைத்து எத்தனை அடுக்கு என்று கணக்கிடுங்கள். மேட்டின் எடையைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் பிடிக்கும். ஒவ்வோர் அடுக்கையும் ரோலரால் அழுத்திக் காற்றுக் குமிழியை வெளியேற்ற வேண்டும். வெண்மையாகத் தெரியும் இடத்தில் ரெசின் இறங்கவில்லை. ஒரே மூச்சில் மூன்று நான்கு அடுக்குக்கு மேல் போடாதீர்கள், சூடேறி விரிசல் விடும்.

இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. ரெசினை இறுகவைக்க இரண்டு திரவங்கள் கலக்க வேண்டும். ஊதா நிறத்தில் இருக்கும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும், தண்ணீர்போல் இருக்கும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. தீப்பிடித்து வெடிக்கும். முதலில் ஆக்சிலரேட்டரை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, வேலை தொடங்கும் நேரத்தில் கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே குவளையையோ ஒரே குச்சியையோ பயன்படுத்தக் கூடாது. கேட்டலிஸ்ட் ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம் வரை, வெயில் நாளில் குறைந்த பக்கம். சீக்கிரம் இறுகுகிறதே என்று 10 கிராமுக்கும் கீழே இறக்காதீர்கள், ரெசின் கடைசி வரை முழுதாக வேகாது, அதாவது இறுகாது. கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். தெறித்துவிட்டால் உடனே நிறைய நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எபாக்ஸியா பாலியஸ்டரா என்ற சந்தேகம் வரும். பழைய பாலியஸ்டர் படகின் மேல் எபாக்ஸி நன்றாக ஒட்டும். எபாக்ஸியின் மேல் பாலியஸ்டர் ஜெல்கோட் சரியாக ஒட்டாது, வேகவும் வேகாது. ஆகவே எபாக்ஸியில் இறங்கிவிட்டால் பிரைமர் வரை எபாக்ஸியிலேயே போய்விடுங்கள். எபாக்ஸி இறுகிய பிறகு மேலே மெழுகுபோல் ஒரு பிசுக்கு படரலாம். தேய்ப்பதற்கு முன் அதை நல்ல தண்ணீரால் ஸ்பாஞ்சு போட்டுத் துடைத்துவிடுங்கள்.

எவ்வளவு வாங்குவது

கடைக்காரர் சொல்லும் கணக்கை விட்டுவிட்டு நீங்களே அளந்து பாருங்கள். படகின் நடுவில் ஒரு விளிம்பிலிருந்து ஏராவைச் சுற்றி மறுவிளிம்பு வரை டேப்பால் அளவெடுங்கள். அதைப் படகின் நீளத்தால் பெருக்கி, முனைகள் குறுகுவதற்காக 0.8-ஆல் பெருக்குங்கள். 28 அடிப் படகு 8.5 மீட்டர், சுற்றளவு 3 மீட்டர் என்றால், 8.5 × 3 × 0.8, ஏறக்குறைய 20 சதுர மீட்டர்.

அடுத்து டப்பாவிலோ அதன் தகவல் தாளிலோ இரண்டு எண்களைத் தேடுங்கள்: திடப்பொருள் கன அளவு எத்தனை சதவீதம், காய்ந்த படலம் எத்தனை மைக்ரான். சதவீதத்தைப் பத்தால் பெருக்கி மைக்ரானால் வகுத்தால், ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டருக்கு வரும் என்று தெரியும். 50 சதவீதம், 50 மைக்ரான் என்றால் 10 சதுர மீட்டர். ரோலரிலும் தரையிலும் போவதைக் கழித்து 8 என்று வையுங்கள். இரண்டு கோட்டுக்கு 40 சதுர மீட்டர், ஆகவே 5 லிட்டர் பிரைமர். மேல் பெயிண்டுக்கும் இதே கணக்குதான். உட்புறத்துக்குத் தனியாக அளந்துகொள்ளுங்கள், அங்கே சட்டங்களும் அறைகளும் இருப்பதால் தோன்றுவதைவிட அதிகம் பிடிக்கும்.

பிரைமர், மேல் பெயிண்ட், தின்னர் மூன்றையும் ஒரே கம்பெனியில் வாங்குங்கள். தின்னரில் மிச்சம் பிடிப்பதற்காக ஏதோ ஒன்றை ஊற்றினால் மற்ற இரண்டும் வீண்.

பிரைமர்

ஃபைபருக்கு எபாக்ஸி பிரைமர்தான். இரும்புக்கு அடிக்கும் சிவப்பு ஆக்சைடு இங்கே வேலைக்கு ஆகாது. டப்பாவில் எழுதியிருக்கும் விகிதம் கன அளவுக்கா எடைக்கா என்று பார்த்து, அளவுக்குவளையால் அளந்து கலக்குங்கள். கண் மதிப்பில் ஹார்டனர் ஊற்றுவதுதான் நம் ஆட்களின் பெரிய பழக்கம். ஹார்டனர் கூடினால் சீக்கிரம் காயும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் கூடினாலும் குறைந்தாலும் படலம் முழுதாக இறுகாது. கலக்கியபின் சில ரகங்களைப் பத்து இருபது நிமிடம் ஊறவிட வேண்டும், அது தகவல் தாளில் இருக்கும்.

கலந்த பெயிண்டின் ஆயுள் வெப்பத்தைப் பொறுத்தது. பத்து டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகக் குறையும். 25 டிகிரிக்கு நாலு மணி நேரம் என்று போட்டிருந்தால் நம் மார்ச் வெயிலில் இரண்டு மணி நேரம்தான். அதனால் ஒரு லிட்டருக்கு மேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள். கெட்டியாகத் தொடங்கியதை தின்னர் ஊற்றி இழுக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

முதல் கோட் கொஞ்சம் நீர்த்தாற்போல், இரண்டாவது கோட் முழுக் கனத்தில். இரண்டுக்கும் இடையே டப்பாவில் குறைந்தபட்ச நேரமும் அதிகபட்ச நேரமும் போட்டிருக்கும். அதிகபட்ச நேரம் தாண்டிவிட்டால் 220 நம்பர் தாளால் தேய்க்காமல் அடுத்த கோட் போடக் கூடாது. நடுவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மூன்று நாள் கழித்து வந்து அப்படியே அடித்தால், இரண்டு கோட்டும் தனித்தனியாக உரியும்.

மேல் பெயிண்ட்

பணம் இருந்தால் இரண்டு டப்பா பாலியூரித்தேன். வெயிலில் நிறம் போவது மெதுவாக இருக்கும், தேய்மானமும் தாங்கும். எனாமலைவிட விலை நன்றாகவே கூடும். ஆனால் வருடா வருடம் அடிக்கும் கூலியையும் தொழில் நிற்கும் நாட்களையும் சேர்த்துப் பார்த்தால் இதுதான் மலிவு என்பது என் கணக்கு. கைக்கு எட்டாவிட்டால் எபாக்ஸி பிரைமரோடு நிறுத்தக் கூடாது. எபாக்ஸி வெயில் பட்டால் சுண்ணாம்பாகும், அதற்கு மேலே ஏதாவது ஒரு போர்வை வேண்டும். பிரைமர் கம்பெனி ஒப்புக்கொள்ளும் எனாமலாவது அடியுங்கள்.

ஸ்ப்ரே வேண்டாம் என்பேன். பாலியூரித்தேன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. தூவும்போது அது நுரையீரலுக்குப் போய் நிரந்தர ஆஸ்துமாவைக் கொண்டுவரலாம். வெளியிலிருந்து சுத்தக் காற்று தரும் முகமூடி இல்லாமல் அதைத் தூவக் கூடாது, நம் கரைகளில் அது யாரிடமும் இல்லை. ரோலரும் பிரஷ்ஷும் போதும். அப்போதும் கையுறையும், ஆவியை வடிகட்டும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. ஒருவர் குட்டை மயிர் ரோலரால் இரண்டடி அகலத்துக்கு மெலிதாகப் பரப்பிக்கொண்டே போக, அடுத்தவர் பின்னாலேயே நல்ல மெல்லிய பிரஷ்ஷின் நுனியால் ஒரே திசையில் லேசாக வருடிக்கொண்டு வர வேண்டும். ரோலர் விட்ட குமிழிகளைப் பிரஷ் உடைக்கும், பெயிண்ட் தானாகச் சமமாகும். எப்போதும் ஈர விளிம்பிலிருந்தே தொடருங்கள். டீ குடிக்க நிறுத்துவதென்றால் அணியத்திலோ மூலையிலோ நிறுத்துங்கள், நடு விலாவில் நிறுத்தினால் அந்தக் கோடு கடைசி வரை தெரியும். கனமாக ஒரு கோட் அடிப்பதைவிட மெலிதாக இரண்டோ மூன்றோ நல்லது. அடிப்பதற்கு முன் பெயிண்டை நைலான் துணியில் வடிகட்டினால் கட்டியும் தோலும் நின்றுவிடும்.

இரண்டு நிறம் பிரிக்கும் கோட்டுக்கு மேஸ்திரிகள் பயன்படுத்தும் தண்ணீர் டியூப்பைக் கடன் வாங்குங்கள். படகை மட்டமாக நிறுத்தி, அணியத்திலும் பின்னாலும் அளவு வைத்து, டியூப்பால் நடுவில் புள்ளிகள் குறித்து மாஸ்கிங் டேப் ஒட்டலாம். டேப்பைப் பெயிண்ட் முழுதாகக் காய்வதற்குள் உரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பு பிய்ந்து வரும்.

நிறத்தைப் பொறுத்தவரை உங்கள் இஷ்டம் முழுதும் செல்லாது. கடலோரப் பாதுகாப்புக்காக மீன்பிடிப் படகுகளுக்கு மாநிலவாரியாக நிற ஒழுங்கு இருக்கிறது. பெயிண்ட் வாங்கும் முன் மீன்வளத்துறை அலுவலகத்தில் உங்கள் வகைப் படகுக்கு இப்போது என்ன விதி என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய பதிவு எண்ணை அழிப்பதற்கு முன் போட்டோ எடுத்து வையுங்கள். மேல் பெயிண்ட் காய்ந்ததும் இரண்டு பக்கமும் தூரத்திலிருந்து படிக்கும்படி எண்ணை எழுதிவிட்டு, பிறகு சாமி பெயரையும் பிள்ளைகள் பெயரையும் எழுதலாம். சில இடங்களில் பெயர் ஆளுயரமும் எண் சுண்டுவிரல் அளவும் இருக்கிறது. ரோந்துப் படகு அருகில் வரும்போதுதான் அதன் வில்லங்கம் தெரியும்.

உட்புறம்

இங்கே பளபளப்பு எதிரி. மீன் செதிலும் தண்ணீரும் கலந்தால் கால் நிற்காது. நிற்கிற இடங்களில் கடைசிக்கு முந்தைய கோட் ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலைச் சீராகத் தூவி, காய்ந்ததும் ஒட்டாததைப் பெருக்கிவிட்டு மேலே ஒரு கோட் அடியுங்கள். மணல் ஆற்று மணலாக, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்ததாக இருக்க வேண்டும். காலடியில் கிடக்கிறதே என்று கடல் மணலை அள்ளித் தூவினால் உப்பை நீங்களே உள்ளே வைத்துப் பூசுகிறீர்கள். நிறம் வெளிர் சாம்பலோ வெளிர் நீலமோ நல்லது. வெள்ளை கண்ணைக் கூசும், அடர் நிறம் காலைச் சுடும்.

மிதவை அறைகளை ஒருமுறை திறந்து பாருங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் வடித்து, கசிவை அடைத்த பிறகுதான் மூட வேண்டும்.

அடிப்பாகமும் ஏராவும்

தினமும் கரையேறும் படகுக்குப் பாசி, சிப்பி ஒட்டாமல் தடுக்கும் பெயிண்ட் தேவையில்லை. காய்ந்து காய்ந்து போவதால் எதுவும் பிடிப்பதில்லை, பெயிண்டும் மணலில் தேய்ந்துவிடும். அந்தப் பணத்தில் ஏராவின் அடியில் கூடுதலாக இரண்டு மூன்று அடுக்கு மேட் போடுங்கள். தேய்வதற்கென்றே இருக்கும் பட்டை அது, பெயிண்ட் அங்கே நிற்காது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது.

துறைமுகத்தில் மிதந்தபடியே நிற்கும் படகு என்றால் அந்தப் பெயிண்ட் வேண்டும். பெரும்பாலும் அதில் செம்பு இருக்கும். இன்ஜினின் அலுமினியக் காலில் அதைப் பூசக் கூடாது, அலுமினியத்தை அரித்துவிடும். பழைய அடிப்பெயிண்டை எடுக்கும்போது காய்ந்த தேய்ப்பு வேண்டவே வேண்டாம், அந்தத் தூள் விஷம்.

இறக்குவதற்கு முன்

கை வைத்தால் ஒட்டவில்லை என்பதும் இறுகிவிட்டது என்பதும் வேறு வேறு. இரண்டு டப்பா ரகம் சில மணி நேரத்தில் காய்ந்ததுபோல் தெரியும், முழுதாக இறுக ஏழு நாள் ஆகும். அதற்குள் மணலில் இழுத்தால் அடிப்பாகம் ஒரே நாளில் கிழியும். இறக்கும்போது முதல் சில தடவையாவது அடியில் உருளைக் கட்டையோ டயரோ கொடுங்கள்.

தின்னர் நனைந்த துணிகளைக் குவித்து வைக்காமல் விரித்துக் காயவிடுங்கள். டப்பாவில் மிஞ்சிய கலந்த ரெசினை மூடி வைத்தால் சூடேறிப் புகையும், ஒரு தகரத்தில் மெலிதாகப் பரப்பி இறுகவிடுங்கள். கலக்காத மேல் பெயிண்டில் அரை லிட்டரைச் சிறு டப்பாவில் விளிம்பு வரை நிரப்பி, நிறமும் தேதியும் எழுதி வையுங்கள். கல்லில் உரசிய இடத்துக்கு டச்சப் செய்ய அது வேண்டும். ஹார்டனர் மட்டும் காற்றின் ஈரம் பட்டால் கெட்டுவிடும். திறந்த டப்பாவில் அது பால்போல் கலங்கியோ கெட்டியாகியோ இருந்தால் டச்சப்புக்குப் புது ஹார்டனர் வாங்குங்கள்.